நிறுத்திய மாடல், புதுப் பெட்டி: வாங்கலாமா?

2024 செப்டம்பரில் ஐபோன் 16ஐ அறிவித்த கையோடு ஆப்பிள் தன் தளத்திலிருந்து ஐபோன் 13ஐ எடுத்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் தொடங்கிய ஆன்லைன் பண்டிகை விற்பனையில் அதே 13, சீல் உடையாத பெட்டியில், பெரிய தள்ளுபடியோடு முன்வரிசையில் நின்றது. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது 15ஐ எடுத்தார்கள். தீபாவளிக்கு 15தான் பல கடைகளில் விளம்பர முகம்.

ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "கம்பெனியே நிறுத்திட்டான்னு சொல்றாங்க, அப்புறம் எப்படிப் புதுசா வருது? பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டுறாங்களா?" நியாயமான சந்தேகம். ஐம்பதாயிரம் ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் அந்தப் போன் எங்கிருந்து வருகிறது என்பது, பிறகு வாங்குவதா வேண்டாமா என்பது.

ஆப்பிள் ஒரு மாடலை நிறுத்துகிறது என்றால், தன் சொந்தக் கடையிலும் தளத்திலும் இனி விற்பதில்லை என்று பொருள். தொழிற்சாலையில் அந்த லைன் அன்றே நின்றாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. இதற்கு நல்ல சாட்சி ஐபோன் 6. அது 2014 செப்டம்பரில் வந்தது. 2016 செப்டம்பரில் 7 வந்ததும் பட்டியலிலிருந்து போனது. சில மாதம் கழித்து, 2017 தொடக்கத்தில், இந்தியா, சீனா, தைவான் சந்தைகளில் ஐபோன் 6 மறுபடி தலைகாட்டியது, 32 ஜிபி அளவில். 2014இல் வந்தபோது ஐபோன் 6க்கு இருந்தவை 16, 64, 128 ஜிபி அளவுகள் மட்டுமே; 32 என்ற ஒன்றே அப்போது இல்லை. ஆக, கோடவுனில் மிச்சம் கிடந்ததைத் துடைத்து விற்றிருக்க முடியாது. நிறுத்திய பிறகு புதிதாகச் செய்த போன் அது.

இந்தியாவில் ஐபோன் தயாரிப்பு தொடங்கிய கதையே இப்படிப்பட்ட மாடல்களின் கதைதான். 2017 மே மாதம் பெங்களூரில் விஸ்ட்ரான் நிறுவனம் ஐபோன் எஸ்இ செய்யத் தொடங்கியது. அது 2016 மார்ச்சில் வெளியான போன். 2018 நடுவில் அங்கேயே 6எஸ் தொடங்கியது. அதுவோ 2015இல் வந்தது. அந்த 2018 செப்டம்பரிலேயே எஸ்இ, 6எஸ் இரண்டையும் ஆப்பிள் அமெரிக்காவில் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. 2019 முதல் பாதியில் இங்கே ஐபோன் 7 தொடங்க, அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் அதையும் எடுத்தார்கள். அங்கே மூடுவிழா நடக்கும் மாடலுக்கு இங்கே அப்போதுதான் லைன் சூடு பிடித்துக்கொண்டிருந்தது.

ஏன் பழைய மாடலில் கை வைத்தார்கள்? புது ஆட்கள், புது இடம். எங்கே தவறு வரும், எந்த இணைப்பு விட்டுப்போகும் என்று ஏற்கெனவே தெரிந்த போனில் பழகுவது பாதுகாப்பு. அந்த இடைவெளி பிறகு வேகமாகச் சுருங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் செய்யத் தொடங்கியபோது அது வெளியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐபோன் 11க்குப் பத்து மாதம், 13க்கு ஏழு மாதம், 14க்குச் சில வாரம். 2023இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியாவில் செய்தது கடையில் இருந்தது. "இந்தியாவில் பழைய மாடலைத்தான் செய்வார்கள்" என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு இனி செல்லாது.

ஒரு மாடலை இழுத்துக்கொண்டு போக வேறு காரணங்களும் உண்டு. வரி அதில் பெரியது. வெளிநாட்டிலிருந்து முழுப் போனாக இறக்கினால் 2017 டிசம்பரில் 10 சதவீதமாக இருந்த சுங்க வரி 15 ஆனது. 2018 பிப்ரவரியில் 20 ஆனது. 2024 ஜூலையில்தான் திரும்ப 15க்கு இறங்கியது. இங்கே செய்தால் அந்தச் சுமை இல்லை. விலை குறைந்த மாடலில்தான் இந்த வித்தியாசம் வாங்குபவரின் கண்ணில் படும்.

அடுத்தது சிப். ஐபோன் 13இல் இருக்கும் ஏ15 சிப்பைப் பாருங்கள். அதே சிப் 2022இன் ஐபோன் எஸ்இயில் இருக்கிறது, ஐபோன் 14இல் இருக்கிறது, ஆறாம் தலைமுறை ஐபேட் மினியில் இருக்கிறது, 2022இல் வந்த ஆப்பிள் டிவியிலும் இருக்கிறது. ஒரு போனை நிறுத்தினாலும் அதன் சிப் வேறு நாலு சாதனங்களுக்காக வந்துகொண்டேதான் இருக்கும். ஐபோன் 6இன் ஏ8 சிப் 2018இல் வந்த ஹோம்பாட் ஸ்பீக்கரில்கூட இருந்தது. சிப் கிடைக்கும்வரை பழைய போனைத் தொடர்ந்து செய்வதில் பெரிய சிரமம் இல்லை. அச்சு, பாகங்களைப் பிடித்துவைக்கும் ஜிக், சோதனை எந்திரம் என்று போட்ட முதலீடு இரண்டு வருடத்தில் திரும்பி வந்திருக்கும். தொழிலாளர் கையும் பழகியிருக்கும். கழித்துப் போடுவது குறைந்திருக்கும். மூன்றாம் வருடம் ஒரு போனைச் செய்ய ஆகும் செலவு முதல் வருடத்தைவிடக் குறைவு. விலையை இறக்கினாலும் லாபம் நிற்கும்.

ஒப்பந்தமும் சில சமயம் இழுக்கும். 2018 செப்டம்பரில் நிறுத்திய ஐபோன் எக்ஸை அந்த நவம்பரில் மறுபடி செய்யத் தொடங்கினார்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. இவ்வளவு ஓலெட் திரை வாங்கிக்கொள்கிறோம் என்று சாம்சங்கிடம் கொடுத்திருந்த வாக்கு அதற்கு ஒரு காரணம். சீனாவின் ஹுவாவே நிறுவன விஷயம் இன்னும் விசித்திரம். 2019 மே மாதம் அமெரிக்கா தடை போட்ட பிறகு அந்நிறுவனத்தின் புது மாடல்களுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்கவில்லை. தடைக்கு முன்பே கூகுள் அனுமதி வாங்கியிருந்த பி30 புரோவை 2020இல் "நியூ எடிஷன்" என்று பெயர் ஒட்டித் திரும்ப இறக்கினார்கள். அங்கே பழைய மாடல் என்பதே அதன் பலம்.

சட்டம் எதிர்த்திசையிலும் தள்ளும். யூஎஸ்பி சி போர்ட் கட்டாயம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2024 டிசம்பர் 28இல் அமலுக்கு வந்தபோது, அங்கே ஐபோன் 14, 14 பிளஸ், எஸ்இ மூன்றையும் ஆப்பிள் தன் தளத்திலிருந்து எடுத்தது. இந்தியாவில் 14 அதற்குப் பிறகும், 2025 பிப்ரவரியில் ஐபோன் 16இ (16e) வரும்வரை, ஆப்பிள் தளத்திலேயே விற்றது. ஒரே போன், ஒரு நாட்டில் காலம் முடிந்தது, இன்னொரு நாட்டில் நடப்பு மாடல்.

சரி, போன் புதிதுதான், ஏமாற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாமா?

மூன்று காலக்கெடு

பெட்டியின் மேல் "புதிது" என்று எழுதியிருந்தாலும் ஒரு போனுக்கு மூன்று காலக்கெடு உண்டு. மூன்றும் வெவ்வேறு நாளில் தொடங்குகின்றன. கடையில் யாரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

முதலாவது வாரண்டி. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம். இதில் பழைய மாடல், புது மாடல் என்ற பேதமே கிடையாது.

இரண்டாவது உதிரிபாகம். ஆப்பிள் ஒரு மாடலை விற்பனைக்கு அனுப்புவதை நிறுத்தி ஐந்து வருடம் தாண்டினால் அதை "விண்டேஜ்" வரிசையில் வைக்கிறது. அதுவரை திரை, பேட்டரி எல்லாம் கிடைக்கும். பிறகு ஏழு வருடம்வரை கையிருப்பைப் பொறுத்து; அதற்கு மேல் பழுது பார்ப்பதில்லை. கவனியுங்கள், எண்ணிக்கை விற்பனை நின்ற நாளிலிருந்து தொடங்குகிறது. ஒரு மாடலை எவ்வளவு நாள் இழுத்து விற்கிறார்களோ, அவ்வளவு நாள் அதன் உதிரிபாகமும் நீளும். இது நமக்குச் சாதகம்.

மூன்றாவதுதான் கடிப்பது: மென்பொருள் அப்டேட். இதை முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பது கணக்கிலேயே இல்லை. பிரிட்டன் சட்டத்துக்காக ஐபோன் 15 புரோ மேக்ஸ் பற்றி ஆப்பிள் கொடுத்த அறிக்கையில், முதல் விற்பனை நாளான 2023 செப்டம்பர் 22இலிருந்து குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று இருக்கிறது. கூகுள் பிக்சலுக்கு, அமெரிக்கக் கூகுள் கடையில் முதன்முதல் வந்த நாள்தான் தொடக்கம்.

மறுபடி அந்த ஐபோன் 6ஐயே எடுத்துக்கொள்வோம். 2017இல் 32 ஜிபி பெட்டியைப் பிரித்தவருக்கு 2019 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 13ஆம் பதிப்பு வரவில்லை. இரண்டரை வருடத்தில் புது ஐஓஎஸ் நின்றுபோனது. ஆனால் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 ஜனவரிவரை வந்தன. வாட்ஸ்அப் 2025 மே மாதம்தான் அந்தப் போனைக் கைவிட்டது. புது வசதிகள் நின்றதும் போன் செத்துவிடாது. மெல்ல மெல்ல ஆப்கள் ஒவ்வொன்றாக விலகும். வங்கி ஆப்பும் வாட்ஸ்அப்பும் ஓடும்வரை நம் ஊரில் போனை மாற்ற மாட்டார்கள், அது சரிதான். அந்த ஓட்டம் எப்போது முடியும் என்று வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பா இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும். எண்ணிக்கையைத் தொடக்கத்திலிருந்து கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். பழைய மாடலை விற்று லாபம் பார்ப்பவர், கடைசியாக வாங்கியவருக்கும் பொறுப்பு என்ற நியாயம் அதில் இருக்கிறது. இந்தியாவில் இப்படிப்பட்ட மாடல்கள் விற்கும் அளவுக்கு நமக்குத்தான் இந்த விதி முதலில் வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் "இந்தப் போனுக்கு அப்டேட் இந்த வருடம்வரை" என்று பெட்டியில் அச்சடிக்கவாவது சொல்லலாம். எம்ஆர்பி அச்சடிக்கிற இடத்தில் ஒரு வரி கூடுதல்.

எதை எதோடு ஒப்பிடுவது

அதுவரை நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆப்பிள் விஷயத்தில் பழைய வரலாறு உதவும். 2015இன் 6எஸ் 2022இல் புது ஐஓஎஸ் வரிசையிலிருந்து விழுந்தது. 2016இன் 7உம் அதே வருடம். 2018இன் எக்ஸ்ஆர் 2025இல் விழுந்தது. ஆக, வெளியான நாளிலிருந்து ஆறு, ஏழு வருடம். ஏழு என்றே தாராளமாக வைத்துக்கொண்டால் 13க்கு 2028, 14க்கு 2029, 15க்கு 2030. இது என் ஊகம். ஆப்பிள் கொடுத்த வாக்கு இல்லை.

இப்போது விலையை மிச்சமிருக்கும் வருடத்தால் வகுத்துப் பாருங்கள். 2025 கடைசியில் வாங்குகிறீர்கள் என்றும், கணக்குக்காக 13 ₹42,000, 15 ₹48,000 என்றும் வைப்போம். 13க்கு மூன்று வருடம், வருடத்துக்கு ₹14,000. 15க்கு ஐந்து வருடம், வருடத்துக்கு ₹9,600. ₹59,900க்கு அறிமுகமான 16இக்கு ஆறு வருடம் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே. "ஆறாயிரம் மிச்சம்" என்று 13ஐ எடுப்பவர் உண்மையில் அதிக விலை கொடுக்கிறார். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள், விடை மாறலாம்.

என்னைக் கேட்டால், நிறுத்திய ஐபோன்களில் 15 தாராளமாக வாங்கக்கூடியது. யூஎஸ்பி சி வந்துவிட்டது, வீட்டில் இருக்கும் சார்ஜர் கேபிளே போதும். முக்கிய கேமரா 48 மெகாபிக்சல். 6 ஜிபி ரேம். ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் மட்டும் இதில் வராது. அது வேண்டாம் என்பவருக்கு இழப்பே இல்லை. 14ஐ நான் பரிந்துரைப்பதில்லை. 13இன் அதே ஏ15 சிப், பழைய லைட்னிங் போர்ட், 15க்குப் பக்கத்தில் ஒட்டிய விலை. 13 புதுப் பெட்டியில் வேண்டாம். அதில் ரேம் 4 ஜிபிதான், வயது முதலில் அங்கேதான் தெரியும்.

16இயை ஒரே காரணத்துக்காக வாங்கலாம்: ஒரு முறை வாங்கினால் ஆறு வருடம் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கு. ஏ18 சிப், 8 ஜிபி ரேம். ஆனால் பின்னால் ஒற்றைக் கேமரா, காந்தத்தில் ஒட்டிச் சார்ஜ் ஆகும் மேக்சேஃப் வசதி கிடையாது. இரண்டு மூன்று வருடத்தில் எக்ஸ்சேஞ்சில் மாற்றுகிற பழக்கம் இருந்தால் ஐபோன் 15 போதும்.

ஆண்ட்ராய்டில் இந்த விளையாட்டு கொஞ்சம் ஆபத்தானது. அங்கே எத்தனை வருடம் என்று கம்பெனிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன, அது நல்லது. ஆனால் ஒரு வருட வித்தியாசத்தில் வாக்கு தலைகீழாக மாறும். சாம்சங் கேலக்ஸி எஸ்23 2023 பிப்ரவரியில் வந்தபோது கொடுத்தது ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட், அதாவது 2028. அடுத்த ஜனவரியில் வந்த எஸ்24க்கு ஏழு வருடம், அதாவது 2031. வயதில் ஒரு வருடம், ஆயுளில் மூன்று. தள்ளுபடியில் எஸ்23 கவர்ச்சியாகத் தெரியும். கொஞ்சம் கூடக் கொடுத்து எஸ்24 எடுப்பது புத்திசாலித்தனம். பழைய உயர் ரக மாடல் வேண்டாம் என்றால், 2025 மார்ச்சில் ₹41,999இல் தொடங்கிய கேலக்ஸி ஏ56க்கே ஆறு வருட வாக்கு உண்டு. கேமராவும் வேகமும் எஸ் வரிசை அளவுக்கு வராது. அம்மா அப்பாவுக்கு என்றால் அந்த வித்தியாசம் தெரியவே போவதில்லை. ஆறு வருட அப்டேட் மட்டும் தெரியும்.

பெயர் ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருப்பதும் உண்டு. 2019இன் ரெட்மி நோட் 8, 2021இல் "ரெட்மி நோட் 8 2021" என்று திரும்பி வந்தபோது ஸ்னாப்டிராகன் 665க்குப் பதில் ஹீலியோ ஜி85 சிப்போடு வந்தது. சாம்சங் எஸ்21 எஃப்இ 2022 ஜனவரியில் எக்ஸினோஸ் சிப்போடு இந்தியாவுக்கு வந்து, 2023 ஜூலையில் ஸ்னாப்டிராகன் 888உடன் மறுபடி வந்தது. இரண்டாவது வரவு கெட்டது என்று சொல்ல வரவில்லை. சில சமயம் அதுதான் நல்லது. ஆனால் 2022இல் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு 2023 போனை வாங்கினால் இரண்டும் ஒன்றாகாது.

ரீஃபர்பிஷ்டு பக்கமும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஆப்பிளே பழுது நீக்கிய போனை விற்கிறது. இந்தியாவில் அந்த வழி இல்லை. 2016இல் பழைய ஐபோன்களை இறக்குமதி செய்து விற்க ஆப்பிள் கேட்ட அனுமதியை மத்திய அரசு மறுத்தது. அதனால் இங்கே கிடைப்பதெல்லாம் மூன்றாம் நபர் கடைகளின் வேலை. ஆனாலும் 13தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு இதுவே சரியான இடம் என்று நினைக்கிறேன். சில வருடமே மிச்சமுள்ள போனுக்குப் புதுப் பெட்டி விலை கொடுப்பதைவிட, பாதிக்கு அருகில் கிடைத்தால் வாங்கிப் புது பேட்டரி போட்டுக்கொள்ளலாம். கையில் வாங்கியதும் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபவுட் திறந்து மாடல் எண்ணைப் பாருங்கள். எம் எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்ற போன். எஃப் என்றால் ஆப்பிள் பழுது நீக்கி விற்றது. என் (N) என்றால் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தது. அங்கேயே கீழே பாகங்களின் வரலாறு வரும். திரைக்கோ பேட்டரிக்கோ பக்கத்தில் "அன்நோன் பார்ட்" என்று இருந்தால் பேரத்தை அங்கே தொடங்கலாம், அல்லது வெளியே வந்துவிடலாம்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

சீல் வைத்த நிறுத்திய மாடலை எடுக்க முடிவு செய்துவிட்டால், பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். பொதிந்து விற்கும் பொருளில் தயாரித்த மாதமும் வருடமும் எம்ஆர்பியும் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பொடி எழுத்துதான், போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். மாடல் எண் எச்என்/ஏ (HN/A) என்று முடிந்தால் இந்தியச் சந்தைக்கான போன். எல்எல்/ஏ அமெரிக்கா, இசட்பி/ஏ ஹாங்காங். "இந்திய பில்" என்று சொல்லிக்கொண்டு இவை வந்தால் கேள்வி கேளுங்கள்.

அந்த மாதமும் வருடமும் ஏன் முக்கியம்? லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். வெயிலில் வேகும் கிடங்கில் இன்னும் வேகமாக ஆகும். நிறுத்துவதற்குச் சில மாதம் முன்பு செய்ததற்கும், மூன்று வருடம் கிடந்ததற்கும் விலை ஒன்றுதான், பேட்டரி ஒன்றல்ல. ஆன்லைனில் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால்தான், நிறுத்திய மாடலை மட்டும் நேரில் கடையில் வாங்கச் சொல்கிறேன். ஐநூறு ஆயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. ஐபோன் 15இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் பேட்டரி செய்த தேதி, முதல் பயன்பாட்டுத் தேதி, எத்தனை முறை சார்ஜ் ஆனது என்று செட்டிங்ஸே காட்டும். பெட்டி பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது. அப்புறம் சீரியல் எண்ணை ஆப்பிளின் வாரண்டித் தளத்தில் போடுங்கள். வாரண்டி நீங்கள் வாங்கிய நாளுக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் அந்தப் போனை யாரோ முன்பே ஆன் செய்திருக்கிறார்கள். அதே நாளில் கடைக்குப் போய் மாற்றுங்கள்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் வாரத்திலோ வாங்கக் கிளம்புகிறவர்கள் மட்டும் இரண்டு வாரம் பொறுங்கள். புது ஐபோன் அறிவிப்பு வழக்கமாகச் செப்டம்பரில்தான். எது பட்டியலிலிருந்து போகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அதன் பின் வரும் பண்டிகை விற்பனையில் அந்த மாடலின் விலைதான் முதலில் இறங்கும்.